மலையில தூக்கம் வரலைன்னா குளிரையே குறை சொல்லிட்டு இருக்கலாமா? (ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்)

மூடுபனி_குன்னூர்:
மலையில தூக்கம் சரியில்லைன்னு யார் சொன்னாலும் "குளிர்ல அப்படித்தான்"னு ஒரே பதில்தான் வருது. ஒன்பது மணி நேரம் கட்டில்ல கிடந்தும் ஆறு மணி நேரத்துக்கு மேல தூக்கம் வராதது, தலைவலியோட எழுந்திருக்கிறது, ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போறது, கால் ஒரு இடத்துல நிக்காதது, இதெல்லாம் ஒரே வியாதியா? எது குளிரால, எது உயரத்தால, எது ரெண்டும் இல்லைன்னு விஷயம் தெரிஞ்சவங்க பிரிச்சு எழுதுங்க. பெரியவங்க தூக்கம் மட்டும். "பால்ல ஜாதிக்காய்" பதில் ஏற்கெனவே நிறைய வந்தாச்சு, அது வேண்டாம்.

தூக்க_லேப்:
உயரத்துல ஆரம்பிக்கிறேன், அதுலதான் புரளி அதிகம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100க்குப் பக்கம், குன்னூர் 1,850. ஊட்டியில காத்தழுத்தம் கடலோரத்துல இருக்கிறதுல முக்கால் பங்கு சொச்சம்தான். காத்துல ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான், ஆனா அழுத்தம் குறைஞ்சதால ரத்தத்துக்குப் போய்ச் சேர்றது குறையும்.

கீழேயிருந்து வந்தவங்களுக்கு உடம்பு இதை ஈடுகட்ட மூச்சை அதிகமா இழுத்து விடும். அதுல கரியமில வாயு கூடுதலா வெளியேறிடும். தூங்கும்போது மூளை மூச்சுக்கு உத்தரவு போடுறது பெரும்பாலும் கரியமில வாயு அளவைப் பார்த்துத்தான். அது குறைஞ்சதும் சில நொடி மூச்சே வராது, அப்புறம் நாலஞ்சு பெருமூச்சு, மறுபடி நிக்கும். ஒவ்வொரு தடவையும் தூக்கம் லேசாக் கலையும். இது 2,500 மீட்டருக்கு மேலதான் சகஜம், ஆனா சிலருக்கு 2,000லயே தலைகாட்டும். சுற்றுலா வந்தவங்களுக்குப் பெரும்பாலும் சில ராத்திரியில சரியாயிடும்.

வருஷக்கணக்கா இங்கேயே இருக்கிறவங்க உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். அவங்களுக்கு மாசக்கணக்கா தூக்கம் வரலைன்னா அதுக்கு உயரத்தைக் கை காட்டுறது தப்பு.

ஏரிச்சாலை_கொடை:
ஹோம்ஸ்டேக்கு வர்றவங்கள்ல குறட்டைக்காரங்கதான் ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்றாங்க சார். அவங்களுக்கு உயரம் கூடுதலா பாதிக்குமா?

தூக்க_லேப்:
பாதிக்கும். தொண்டை அடைச்சு மூச்சு நிக்கிற வியாதி (ஸ்லீப் ஆப்னியா) இருக்கிற சமவெளிக்காரங்களை 1,860 மீட்டருக்கும் 2,590 மீட்டருக்கும் கூட்டிட்டுப் போய் சுவிட்சர்லாந்துல ஆய்வு பண்ணியிருக்காங்க. தொண்டை அடைப்போட, மூளையே மூச்சை நிறுத்துற வகையும் சேர்ந்து எண்ணிக்கை ஏறிடுச்சு. சிபாப் மெஷின் (தூங்கும்போது மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பி தொண்டை அடைக்காம வச்சுக்கிறது) வச்சிருக்கிறவர் "ரெண்டு நாள்தானே"ன்னு வீட்ல விட்டுட்டு மலைக்கு வர்றது அதனாலதான் கூடாது.

இங்கே வசிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு பார்க்கிற டெஸ்ட்டைக் கோயமுத்தூர்ல ஒரு ராத்திரி தங்கி எடுத்தா, அது 400 மீட்டர் உயரத்துல எடுத்த கணக்கு. வீட்லயே மாட்டிக்கிட்டுத் தூங்குற சின்ன கருவி கிடைச்சா ஊட்டி வீட்ல எடுங்க, அதுதான் உங்க அன்றாட நிலவரம்.

ரிப்போர்ட்ல ஏ.எச்.ஐ.ன்னு ஒரு எண் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது, அல்லது குறையுதுங்கிற கணக்கு அது. 5க்குக் கீழ இயல்பு, 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல கடுமை.

டெஸ்ட் வேணுமான்னு முடிவு பண்ண எட்டுக் கேள்வி: சத்தமான குறட்டை, பகல் அசதி, மூச்சு நின்னதைப் பக்கத்துல இருக்கிறவர் பார்த்தது, பி.பி., பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு) 35க்கு மேல, வயசு 50க்கு மேல, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல, ஆண். மூணு நாலுக்கு "ஆமா"ன்னா டாக்டர்கிட்ட பேசுங்க. அஞ்சோ அதுக்கு மேலயோன்னா தள்ளிப்போட வேண்டாம்.

ஏரிச்சாலை_கொடை:
விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் போதாதா? 92 காட்டினா பயப்படணுமா?

எமரால்டு_நர்ஸ்:
குளிர்ல விரல் சில்லுன்னு இருந்தா அந்த மெஷின் தப்பாத்தான் காட்டும். உள்ளங்கையைத் தேய்ச்சு சூடாக்கி, நகப்பூச்சு இருந்தா அழிச்சு, ஒரு நிமிஷம் ஆடாம வச்சுப் பாருங்க. ஊட்டி உயரத்துல முழிச்சிருக்கும்போது 93, 94 காட்டுறது வழக்கம்தான். சென்னையில இருக்கிற மகன் போன்ல 98 இல்லையேன்னு பதறுவார், விட்டுடுங்க. ஆனா மூச்சு வாங்குது, உதடு நீலமா இருக்கு, பேச்சு குழறுதுன்னா எண்ணைப் பார்த்துட்டு இருக்காம 108 கூப்பிடுங்க.

அதைவிட முக்கியமானது ஒண்ணு. கரி அடுப்புப் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடை இந்த மெஷினால பிரிச்சுக் காட்ட முடியாது. ரத்தத்துல ஆக்சிஜனுக்குப் பதிலா அந்த வாயு ஏறி உட்கார்ந்திருந்தாலும் 97, 98ன்னு காட்டும்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில மண்சட்டியிலயோ இரும்புச் சட்டியிலயோ கங்கு போட்டு அறைக்குள்ள வச்சுட்டு, கதவைச் சாத்தி, இடுக்குல துணி அடைச்சுத் தூங்குறது இன்னும் நடக்குது. "புகையே இல்லை, நல்லா கனிஞ்ச கங்குதான்"னு சொல்வாங்க. கங்கு கனியுற நேரத்துலதான் அந்த வாயு வர்றது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஹீமோகுளோபினோட ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தூங்குறவருக்கு முழிப்பே வராது.

காலையில வீட்ல எல்லாருக்கும் தலைவலி, குமட்டல், வெளியே வந்து கொஞ்ச நேரத்துல தெளிவாயிடுதுன்னா முதல் சந்தேகம் அடுப்பு மேலயும் பாத்ரூம் கேஸ் கீசர் மேலயும் வரணும். ஒருத்தருக்கு மட்டும் தினமும் காலையில தலைவலி, அவர் குறட்டை விடுறவரும்கூடன்னா தூக்க_லேப் சார் சொன்ன டெஸ்ட் பக்கம் போங்க. ஜன்னலை ரெண்டு இஞ்ச் திறந்து வச்சா போதும்னு சொல்றதை நம்பாதீங்க. சட்டியைத் தூங்கப் போறதுக்கு முன்னாடி முற்றத்துல கொண்டு போய் வைக்கணும்.

கேத்தி_பள்ளத்தாக்கு:
அடுப்பை எடுத்துட்டா குளிருக்கு என்ன வழின்னு அடுத்த கேள்வி வரும், அதுக்கு எழுதுறேன்.

குளிர் மேலேயிருந்து வர்றதைவிடக் கீழேயிருந்துதான் அதிகம். சிமென்ட் தரையில மெத்தை போட்டு மேல மூணு கம்பளி போர்த்தினா உடம்புச் சூடு தரைக்குத்தான் போகும். மெத்தைக்குக் கீழ அட்டைப்பெட்டியைப் பிரிச்சு ஒரு அடுக்கு, அது மேல பாய், மெத்தைக்கு மேல ஒரு கம்பளி, அப்புறம் பெட்ஷீட். இப்படிப் பண்ணினா மேல ரெண்டு கம்பளி போதும். அட்டை ஈரம் இழுக்கும், மாசம் ஒரு தடவை மாத்திடுங்க.

கால் சூடா இருக்கணும், இதுல மட்டும் பாட்டி சொன்னது சரி. தூக்கம் வரணும்னா உடம்போட உள்சூடு கொஞ்சம் இறங்கணும், அது இறங்குற வழி கை கால் தோல். பாதம் சில்லுன்னு இருந்தா அங்கே ரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு வெளியேறாது. அதனால படுக்கிறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி 40 டிகிரி பக்கம் இருக்கிற வெந்நீர்ல குளியல், இல்லைன்னா கால் மட்டும் பத்து நிமிஷம் ஊறல். நல்லா துடைச்சுட்டு, காஞ்ச சாக்ஸ் போடணும். பகல்ல போட்ட வேர்வை சாக்ஸ் ஆகாது.

ஹாட் வாட்டர் பேக்ல மூணுல ரெண்டு பங்கு தண்ணி, காத்தை அமுக்கி வெளியே விட்டு மூடி திருகணும். கொதிக்கிறதை ஊத்தக் கூடாது. சர்க்கரை வியாதியில கால் மரத்தவங்க படுக்கையை மட்டும் அதால சூடாக்கி, படுக்கும்போது எடுத்துடணும். கொப்புளம் வந்தாக்கூட அவங்களுக்குத் தெரியாது.

முகத்தை மூடி போர்த்தாதீங்க. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறதால தலை கனக்கும். மங்கி கேப் போட்டு மூக்கை வெளியே விடுங்க. ரூம் ஹீட்டர் 2,000 வாட்னா கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பிளக்ல சொருகினா பாயின்ட் உருகும். படுக்கிறதுக்கு அரை மணி முன்னாடி போட்டு, படுக்கும்போது அணைச்சுடுங்க.

மூடுபனி_குன்னூர்:
அருமைங்கண்ணா. ஈரம் பத்தி யாராவது சொல்லுங்க. எங்க பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மெத்தை காயவே காயாது.

கேத்தி_பள்ளத்தாக்கு:
கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன்ல இருந்தே அந்தக் கதைதான். ஈரத்துல பூஞ்சையும் தூசிப் பூச்சியும் பெருகி ராத்திரி மூக்கடைக்கும், வாயால மூச்சு விட்டுக் குறட்டை வரும். கட்டிலைச் சுவர்ல இருந்து அரை அடி தள்ளிப் போடுங்க, வெயில் அடிக்கிற நாள்ல தலையணையை முதல்ல காயப் போடுங்க, மெத்தை அப்புறம். அறைக்குள்ள துணி காயப்போடுறதுதான் பெரிய குற்றவாளி.

நீலகிரி_ரைடர்:
ரெண்டு பெக் பிராந்தி போட்டா குளிரும் தெரியாது, தூக்கமும் வரும். இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு?

மருந்துக்கடை_கோத்தகிரி:
தம்பி, முதல் பாதித் தூக்கம் வரும். சரக்கு ரத்தத்துல இருந்து இறங்குற நேரத்துல, அதாவது ரெண்டு மூணு மணிக்கு, முழிப்பு வந்து அப்புறம் துண்டு துண்டாத்தான் தூக்கம். தொண்டைச் சதையைத் தளர்த்திவிடுறதால குறட்டையும் மூச்சு அடைப்பும் கூடும். தோல்ல ரத்தம் பாய்றதால கதகதப்பாத் தெரியுமே தவிர உடம்பு சூட்டை இழந்துட்டுத்தான் இருக்கும். அது மேல தூக்க மாத்திரையும் போட்டா மூச்சே அடங்கிப் போகலாம்.

மாத்திரைன்னு வந்ததால சேர்த்துச் சொல்லிடுறேன். அல்ப்ரஸோலம், குளோனாஸெபம், எட்டிஸோலம் மூணும் சில வாரத்துலயே பழக்கமாகும். ரொம்ப நாள் போட்டவங்க "இனி வேண்டாம்"னு ஒரே நாள்ல நிறுத்தினா நடுக்கம், தூக்கம் மொத்தமாப் போறது, சிலருக்கு வலிப்பு. டாக்டர் மேற்பார்வையில ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை 5 முதல் 10 சதவீதம்னு குறைக்கணும். "பழைய சீட்டு இருக்கு, கொடுங்கண்ணே"ன்னு கடைக்கு வராதீங்க.

சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுறதும் இங்கே வழக்கம். மறுநாள் மந்தம், வயசான ஆண்களுக்கு ஒண்ணுக்கு அடைக்கும். கால் ஒரு இடத்துல நிக்காம இழுக்கிற வியாதி இருந்தா அதை இன்னும் தூண்டிவிடும்.

தலைகீழாவும் பாருங்க. வீசிங்குக்குத் தர்ற தியோஃபிலின் வகை, ஸ்டீராய்டு, மூக்கடைப்புக்கு சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரை, எல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டைக் காலையில போடலாமான்னு எழுதிக் கொடுத்தவரையே கேளுங்க.

எமரால்டு_நர்ஸ்:
கால் இழுக்கிறதுக்கு நான் சொல்றேன். சாயங்காலத்துக்கு மேல, சும்மா உட்கார்ந்தா படுத்தா காலுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி, அசைச்சா நிம்மதி, நிறுத்தினா திரும்ப வரும். இதைக் குளிர்னு நெனச்சு சாக்ஸ் மேல சாக்ஸ் போடுறாங்க. ரத்தத்துல ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தா போதாது, உடம்புல சேமிப்பா இருக்கிற இரும்பைக் காட்டுற ஃபெரிட்டின்னு தனியாக் கேட்டுப் பாருங்க. அது 75க்குக் கீழ இருந்தா இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்கிறது வழக்கம், ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும்.

நம்ம மலையில இதுக்கு ஒரு தனி இடைஞ்சல் டீ. சாப்பாட்டோடயும் மாத்திரையோடயும் டீ குடிச்சா அதுல இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல ஏறாது. மாத்திரைக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். எலுமிச்சம்பழச் சாறோட போட்டா நல்லா ஏறும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் நல்லா ஏறும், வயித்து எரிச்சலும் குறையும். அளவு டாக்டர் சொல்றதுதான்.

லீஃப்_ஷெட்:
டீயைக் குறை சொன்னா எங்க பொழப்பு என்னாகுறது அக்கா! ஆனா கணக்கு இதுதான்: ஒரு கப்புல 30 முதல் 50 மி.கி. காஃபின். உடம்புல அது பாதியாகவே அஞ்சாறு மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை போடுறவங்களுக்கும் இன்னும் நீளும். பத்து மணிக்குப் படுக்கிறவருக்குக் கடைசி டீ ரெண்டு மணிக்கு முடியணும். அதுக்கு மேல குளிருக்கு ஏதாவது வேணும்னா சுக்கு மல்லி.

டீ ஃபேக்டரி நைட் ஷிப்ட் ஆட்களுக்குத் தனியா எழுதணும், அவங்களுக்கு மேல சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. சாயங்காலம் வர்ற இலை ராத்திரி வாடணும், அரைக்கிறது நடுராத்திரிக்கு மேலதான். உடம்பு ரொம்ப மந்தமா இருக்கிற நேரம் மூணுல இருந்து அஞ்சு, சரியா அப்போதான் இலையை அரைக்கிற சி.டி.சி. ரோலர் பக்கத்துல ஆள் நிக்கிறார். ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தூங்கிட்டுப் போகணும். டீ எல்லாம் ஷிப்டோட முதல் பாதியில. இடைவேளையில ஒரு கப் குடிச்ச கையோட 20 நிமிஷம் சாய்ஞ்சா, காஃபின் வேலை செய்ய ஆரம்பிக்கும்போது எழுந்திருக்கலாம். அரை மணிக்கு மேல போச்சுன்னா எழுந்ததும் தலை மந்தமா இருக்கும், அப்படியே மெஷின் பக்கம் போகக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பல்லு விளக்கி, லேசா சாப்பிட்டு நேராப் படுக்கணும். சந்தை, ரேஷன், ஸ்கூல் மீட்டிங்னு பத்து மணிக்கு மேல தள்ளினா வெயில் பட்டு உடம்பு பகல்னு முடிவு பண்ணிடும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி ரெண்டு மடிப்பு. ஒரே மூச்சுல ஏழு மணி நேரம் வரலைன்னா காலையில நாலரை மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னு பிரிச்சாலும் கணக்குல சேரும். வார லீவுல முழுசா பகல் ஆளா மாறாம, ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்துக் காலை ஒன்பதுக்கு எழுந்தா திரும்ப ஷிப்டுக்குப் போறது சுலபம்.

இருட்டுலயே கேரட் அறுவடைக்குப் போறவங்க, மேட்டுப்பாளையத்துக்குக் காய் லோடு இறக்குற டிரைவருங்களுக்கும் இதேதான். கண் சொக்குதுன்னா ஜன்னலைத் திறக்கிறது, பாட்டைக் கூட்டுறது எதுவும் உதவாது. வண்டியை ஓரங்கட்டி 20 நிமிஷம் தூங்குறது ஒண்ணுதான் வழி, அதுவும் பெண்டுக்கு முன்னாடியே, அகலமான இடத்துல.

மூடுபனி_குன்னூர்:
சரி, குறட்டை இல்லை, கால் இழுக்கலை, மாத்திரை இல்லை. சும்மாவே தூக்கம் வரலைங்கிறவங்களுக்கு?

தூக்க_லேப்:
இதுதான் இழையோட மையம். மலை வீட்ல சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கதகதப்பான இடம் கட்டில் ஒண்ணுதான். டிவி, போன், கணக்கு எழுதுறது, மகளோட வீடியோ கால், எல்லாம் கம்பளிக்குள்ள. எட்டரைக்குப் படுக்கை, காலையில ஆறுக்கு எழுந்திருக்கிறது. ஒன்பதரை மணி நேரத்துல தூக்கம் ஆறு மணி நேரம்தான். மீதி மூன்றரை மணி நேரம் கட்டில்ல முழிச்சுக்கிட்டு இருக்க மூளை பழகிடுது.

வைத்தியம் மாத்திரை இல்லை. ரெண்டு வாரம் நோட்டுல எழுதுங்க: படுத்த நேரம், சுமாராத் தூங்கின நேரம், முழிப்பு, எழுந்த நேரம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டாம், காலையில குத்துமதிப்பாப் போதும். சராசரி ஆறு மணி நேரம்னா கட்டிலுக்கு ஆறு மணி நேரம்தான் அனுமதி: ராத்திரி 11.30, காலை 5.30. எவ்வளவு குறைவாத் தூங்கினாலும் அஞ்சு மணி நேரத்துக்குக் கீழ போகாதீங்க. வாரக் கடைசியில தூங்கின நேரத்தைக் கட்டில்ல இருந்த நேரத்தால வகுங்க. 85 சதவீதம் தாண்டினா 15 நிமிஷம் கூட்டுங்க, 80க்குக் கீழன்னா 15 நிமிஷம் குறைங்க, நடுவுலன்னா அப்படியே விடுங்க. எழுந்திருக்கிற நேரம் ஞாயித்துக்கிழமையும் மாறக் கூடாது, அது ஆணி அடிச்ச மாதிரி.

முதல் ரெண்டு வாரம் பகல்ல கண் சொக்கும். காட் ரோட்டுல வண்டி ஓட்டுறவங்க, வலிப்பு, பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்குற வியாதி) இருக்கிறவங்க, மூச்சு அடைப்புக்கு இன்னும் வைத்தியம் பண்ணாதவங்க இதைத் தானாச் செய்யக் கூடாது.

எமரால்டு_நர்ஸ்:
சார், எழுபது வயசு ஆட்களை ஜனவரியில பதினொன்றரை வரைக்கும் குளிர்ல உட்கார வைக்கச் சொல்றீங்களா? கீழே ஊருக்கு எழுதின புத்தகம் அது. "தூக்கம் வரலைன்னா எழுந்து வேற அறைக்குப் போ"ன்னு அதுல இருக்கும். இங்கே வேற அறை எட்டு டிகிரி.

தூக்க_லேப்:
நியாயம்தாங்க. பெரியவங்களுக்கு ஒரேயடியா வெட்டாம வாரம் அரை மணி குறைச்சுட்டு வர்ற முறை இருக்கு, அதுவே போதும். எழுந்து போறதுக்கு வேற அறை வேணும்னு கட்டாயமில்லை. அதே அறையில ஒரு நாற்காலி, அதுக்கு மேல தனியா ஒரு கம்பளி, ஸ்வெட்டர், கால் வைக்க ஒரு சாக்கு, ஃபிளாஸ்க்ல வெந்நீர், மங்கலான மஞ்சள் பல்பு. எல்லாத்தையும் படுக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வைக்கணும். முழிச்சு இருபது நிமிஷம் போலத் தோணினா கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, கண் செருகினா திரும்பக் கட்டிலுக்கு. கட்டில் வேற, முழிச்சிருக்கிற இடம் வேறன்னு மூளைக்குத் தெரிஞ்சா சரி. சாயங்கால டிவியும் அந்த நாற்காலியிலதான்.

எட்டு மணிக்கே கண் சொக்கி மூணுக்கு முழிப்பு வர்றவங்க சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் வெளிச்சத்துல இருக்கணும். மத்தவங்களுக்குக் காலை வெளிச்சம். மூடுபனியா இருந்தாலும் வெளியே வெளிச்சம் வீட்டுக்குள்ள இருக்கிறதைவிடப் பல மடங்கு, அரை மணி நடந்துட்டு வாங்க.

மூடுபனி_குன்னூர்:
ராத்திரி ஒண்ணுக்குப் போறது பாக்கி.

எமரால்டு_நர்ஸ்:
ஒரு லிட்டர் அளவு ஜக் வாங்கி ரெண்டு நாள் அளந்து பாருங்க. முழு நாள்ல போறதுல மூணுல ஒரு பங்குக்கு மேல ராத்திரியில போச்சுன்னா பிரச்சனை மூத்திரப்பையில இல்லை, ராத்திரியில மூத்திரம் அதிகமா ஊறுது. சாயங்காலம் கால் வீங்குறவங்களுக்கு, படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி ஒண்ணுக்கா வரும். நாலு மணிக்கே ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வச்சுக்கிட்டா அது படுக்கிறதுக்கு முன்னாடியே போயிடும். பி.பி.க்கான நீர் மாத்திரையை ராத்திரி போடுறவங்க நேரம் மாத்தலாமான்னு கேளுங்க. குளிர்லயும் கொஞ்சம் கூடும், அது உண்மை. குறட்டையும் சேர்ந்து இருந்தா அதுவே காரணமா இருக்கலாம்: மூச்சு அடைக்கிறப்போ நெஞ்சுக்குள்ள அழுத்தம் மாறி, இதயம் விரிஞ்சு, உப்பையும் நீரையும் வெளியேத்துற ஹார்மோனைச் சுரக்கும். சிபாப் போட்டதும் அது குறையுறவங்க உண்டு. சர்க்கரை பார்க்காம மட்டும் விட்டுடாதீங்க.

ஏரிச்சாலை_கொடை:
சிபாப் குழாய்க்குள்ள தண்ணி சேர்ந்து மூக்குல தெறிக்குதுன்னு கெஸ்ட் சொல்றாங்க. கரண்ட் போனா என்ன பண்றது?

தூக்க_லேப்:
மெஷின்ல காத்தை ஈரமாக்குற ஹியூமிடிஃபையர்ல இருந்து வர்ற ஈரச் சூடான காத்து குளிர்ந்த குழாயில பட்டு நீராகுது. மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழ வைங்க, குழாயைக் கம்பளிக்குள்ள விட்டு முகத்துக்குக் கொண்டு வாங்க, இல்லைன்னா துணி உறை போடுங்க. சூடாகுற குழாய் கிடைச்சா இன்னும் நல்லது. அதுக்கும் அடங்கலைன்னா ஈர அளவை ஒரு படி குறைங்க. தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். பழைய மெஷின்னா உயரத்தை நாமதான் செட் பண்ணணும், இல்லாட்டி அழுத்தம் குறைவா வரும். புதுசுல பெரும்பாலும் தானாச் சரி பண்ணிக்கும், எத்தனை அடி வரைக்கும்னு கையேட்டுல போட்டிருப்பாங்க.

கரண்ட் போனா மாஸ்க்ல இருக்கிற துளை, வால்வு வழியா மூச்சு விடலாம், பயமில்லை, முழிப்புதான் வரும். ஹியூமிடிஃபையரை அணைச்சுட்டா மெஷின் சுமார் 30 வாட்தான் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 240 வாட் அவர். வீட்டு இன்வெர்ட்டர்ல 150 ஏ.எச். பேட்டரி இருந்தா தாராளமா ஒரு ராத்திரி ஓடும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா இருக்கணும். ஹியூமிடிஃபையரோட ஓட்டினா ரெண்டு மூணு மடங்கு இழுக்கும், அதே லைன்ல ஃப்ரிட்ஜும் இருந்தா விடியறதுக்குள்ள பேட்டரி தீர்ந்து போகலாம்.